ஒரு புகாரும் இரண்டு போர் வண்டிகளும்

ராஜஸ்தானில் ஆழ்துளைக் கிணறு போடும் இரண்டு போர் வண்டிகள் டீசலுக்கு வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தன. திருச்செங்கோட்டில் அவற்றின் முதலாளி சென்னியப்பன் வங்கி மேலாளர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கம்பெனி கணக்கையே முடக்கிப் போட்டா நான் எப்படிங்க தொழில் பண்றது? பத்து நாள்ல அங்க மழை எறங்கிரும். அப்பறம் எவன் போர் போடுவான்?"

மேலாளர் பொறுமையாக விளக்கினார். போர் போட்டுக்கொண்ட ராஜஸ்தான் ஆசாமி ஒருவன் கம்பெனிக்கு நாற்பதாயிரம் அனுப்பியிருக்கிறான். அது ஆன்லைனில் யாரையோ ஏமாற்றிச் சுருட்டிய பணம். ஏமாந்தவர் புகார் கொடுக்க, பணம் போன வழியெல்லாம் பூட்டிக்கொண்டே வந்த சைபர் கிரைம் போலீஸ், கடைசியாகச் சென்னியப்பனையும் பூட்டிவிட்டது. நம் மாவட்ட ஸ்டேஷன்தான், போய்ப் பேசிப் பாருங்கள் என்றார் மேலாளர்.

சென்னை வக்கீல் பரந்தாமன் போனிலேயே பதறினார். ஸ்டேஷன் பக்கம் தலை வைக்கக் கூடாது, உட்கார வைத்து எதையாவது எழுதி வாங்கிவிடுவார்கள், நேராக ஹைகோர்ட்தான் என்றார்.

அதுவரை வசூலுக்கு ஒரு கணக்கு வேண்டுமே? மனைவி கோகிலாவிடம் கேட்டார்.

"என்ற பேங்க் புஸ்தகத்தை மட்டும் நீங்க தொடவே கூடாதுங்க" என்று அவள் பீரோவைப் பூட்டிவிட்டாள்.

முட்டை வியாபாரம் செய்யும் மச்சான் தங்கராசு இளகிய மனசுக்காரர். கணக்கு எண்ணைக் கொடுத்தார். அதே ராஜஸ்தான் ஆசாமி பாக்கித் தொகையை அதில் போட்டான். மூன்றாம் நாள் தங்கராசுவின் கணக்கும் முடங்கியது. முட்டை லாரியை அப்படியே சென்னியப்பன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார் தங்கராசு.

"மாப்ள, எனக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் நான் எந்திரிக்கறதா இல்லீங்க."

கோகிலா இருவருக்கும் காபி வைத்தாள்.

"ஏனுங்க, அந்த நாப்பதாயிரத்தை ஏமாந்தவங்களுக்கே குடுத்துட்டாத் தீந்துதல்லங்க? பாவம், என்ன கஷ்டமோ."

"பேராசைப்பட்டு ஏமாந்த கழுதைக்கு நான் எதுக்குடி அழுவோணும்? அந்த ஆளைக் கோர்ட்டுக்கு இழுத்து நாலு கேள்வி கேக்காம உடமாட்டேன்."

அவள் சமையலறைக்குள் போனாள். அன்று குழம்பில் உப்பு இல்லை.

வக்கீல் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். போலீசும் வங்கியும் எதிர்மனுதாரர்களாக இருந்தால் போதும், நாற்பதாயிரத்தை மட்டும் நிறுத்திவைத்து மிச்சத்தை முதல் நாளே விடுவிக்கச் சொல்லிவிடலாம், புகார் கொடுத்தவரையும் சேர்த்தால் இழுக்கும் என்றார். சென்னியப்பன் கேட்கவில்லை. போலீஸ் பெயர், விலாசம் கொடுக்கட்டும், அந்த ஆள் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று மனுவில் எழுத வைத்தார்.

வழக்கு எடுக்கப்பட்டது. அரசு வக்கீல் அவகாசம் கேட்டார். ஒரு வாரம் போனது. ராஜஸ்தானிலிருந்து மேனேஜர் கறுத்த மேகங்களைப் படம் எடுத்து அனுப்பினான். அடுத்த முறை நீதிபதி மனுவைப் புரட்டினார். மிச்சப் பணத்தை விடுவிப்பதில் தமக்குத் தடையில்லை, ஆனால் மனுதாரரே இவ்வளவு வற்புறுத்துவதால் புகார்தாரரையும் கேட்டுவிடலாம் என்றார். நோட்டீஸ் நேரில் கொடுக்கப்பட வேண்டும். அந்த நபர் வந்து ஆட்சேபணை இல்லை என்று சொன்ன நிமிஷமே கணக்கு திறக்கும்.

"பாத்தீங்களா? கையும் களவுமாப் புடிச்சாச்சு" என்றார் சென்னியப்பன். பரந்தாமன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

இருவரும் நோட்டீஸ் வாங்கக் கோர்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த குமாஸ்தா போலீஸ் கொடுத்த தாளையும் மனுவையும் பக்கத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் பார்த்தார்.

"டைப் பண்ணவங்க தூங்கிட்டாங்க போல சார். கேஸ் போட்ட உங்களுக்கும், புகார் குடுத்த கோகிலாங்கற அம்மாவுக்கும் ஒரே வீட்டு விலாசத்தைப் போட்டு வெச்சிருக்காங்க."