போர் விமானத்துக்குப் பிரசவத் தேதி

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மகளும் மாப்பிள்ளையும் நானும் நலம். அங்கே நீங்களும் பக்கத்து வீட்டாருடன் சமாதானமாகி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீங்கள் போனில் சொன்னதை நான் ஒரு வார்த்தையும் மறக்கவில்லை. "சம்பந்தியம்மா, என் பையன்தான் துணி துவைக்கிறான், அவன்தான் சமைக்கிறான். உங்க பொண்ணு காலைல போனா விளக்கு வச்சப்புறம்தான் வர்றா. நீங்க ஒரு வார்த்தை சொல்லி அந்த வேலைய விடச் சொல்லுங்க" என்றீர்கள். நானும் "கண்டிப்பா சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்து, அதற்கென்றே பஸ் ஏறி வந்தேன். பையைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நான் ஆரம்பிப்பதற்குள், அவள் தன் மேலதிகாரியோடு வாசலில் வந்து நின்றாள். அந்த மனிதர் வாயைத் திறந்தால் தேதி தவிர வேறு எதுவும் வராது. அதனால் அவள் வேலை செய்யும் விமானத் தொழிற்சாலை முழுக்க அவருக்குக் கேலண்டர் என்று பெயர். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அம்மா, நீங்க வெளிநாட்டுல இருபத்திரண்டு வருஷம் நர்ஸா இருந்தீங்களாமே? அந்த நாட்டு பாஷை பேசுவீங்களா?"

நம் நாட்டிலேயே செய்த போர் விமானத்தைப் பார்க்க, நான் வேலை பார்த்த அதே நாட்டிலிருந்து நான்கு பேர் வந்திருக்கிறார்களாம். மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்தவர் அன்று காலை குடல்வால் வீங்கி ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டாராம். நான் மறைக்கவில்லை. "பேசுவேன் சார். ஆனா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பிரசவ வார்டு பாஷைதான்" என்றேன். அவர் காதில் 'பேசுவேன்' மட்டும்தான் விழுந்தது. "நாளைக்கு ஒன்பதுக்கு வண்டி வரும்" என்று போய்விட்டார்.

மறுநாள் முதலில் விமானம் நிற்கும் கொட்டகைக்குள் கூட்டிப்போனார்கள். எங்கள் ஆஸ்பத்திரியையே உள்ளே வைத்துப் பூட்டலாம், அவ்வளவு பெரிய இடம். நடுவில் அந்த விமானம் தனியாக நின்றது. நான் எண்ணியிருந்ததைவிடச் சின்னது. வாலில் குறுக்குச் சிறகே கிடையாது. முக்கோணமாக இரண்டே இரண்டு இறக்கை. மெல்லத் தட்டிப் பார்த்தேன், இரும்புச் சத்தம் வரவில்லை. "பாதிக்கு மேல கார்பன் இழைம்மா. துணி மாதிரி அடுக்கடுக்கா ஒட்டி, சூளைல வேக வச்சு எடுக்கறோம். அந்த இறக்கை எங்க டீம் செஞ்சது" என்றாள் மகள். பாலாடை படிந்த பாத்திரத்தை ஊறவைக்காமல் போட்டதற்கு நான் அவ்வளவு திட்டியிருக்கிறேனே, அந்தக் கையா இது என்று நின்றேன் சம்பந்தியம்மா. போதாததற்கு இன்னொன்றும் சொன்னாள்: "இது தானா நேரா பறக்காதும்மா, விட்டா கவிழ்ந்துடும். கம்ப்யூட்டர்தான் நொடிக்கு நொடி பிடிச்சு நிமிர்த்திக்கிட்டே இருக்கும். அதனாலதான் சட்டுனு திரும்ப முடியுது." தட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு நீள மேசை. அந்தப் பக்கம் அவர்களுடைய பெரிய அதிகாரி, ஒரு விமானி, ஒரு பெண் இன்ஜினியர், குறிப்பெடுக்க ஒருவர். முடிவு சொல்ல வேண்டிய பெரிய அதிகாரிக்குத்தான் அவர் தாய்மொழி தவிர ஒன்றும் தெரியாது. கேலண்டர் கம்பீரமாக ஆரம்பித்தார்: "ஒப்பந்தம் போட்ட இருபத்தெட்டாவது மாசம் முதல் டெலிவரி." டெலிவரிக்கு அவர்கள் பாஷையில் எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்று. "இருபத்தெட்டாம் மாதம் முதல் பிரசவம்" என்றேன். குறிப்பெடுப்பவர் பேனாவை நிறுத்தினார். "அப்புறம்?" என்றார் பெரிய அதிகாரி. "வருஷத்துக்கு எட்டு" என்றேன். விமானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அடுத்து இன்ஜின் விவகாரம். அது நாம் செய்ததில்லையாம், வேறொரு நாட்டுடையதாம். நாம் யாருக்கு விற்றாலும் அவர்களும் சம்மதிக்க வேண்டுமாம். நான் சொன்னேன்: "குழந்தை எங்களுடையது, இதயம் தானமாக வந்தது. தானம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் டிஸ்சார்ஜ்." பெரிய அதிகாரி முதல்முறையாகத் தலையாட்டினார். அவர்கள் இன்ஜினியர் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இறக்கையைத் தங்கள் நாட்டில் தாங்களே செய்ய முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். கேலண்டர் பேனாவை மூடி, "அதெல்லாம் ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்னு சொல்லுங்க" என்றார். ரெண்டாம் கட்டத்துக்கு அவர்கள் பாஷையில் வார்த்தை தேடி நான் எங்கே போவேன்? வார்டு வாசலில் கணவன்மார்களிடம் இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன வாக்கியம் தானாக வாயில் வந்தது: "தயவுசெய்து வெளியே காத்திருங்கள், கூப்பிடுகிறோம்."

நால்வரும் எழுந்தார்கள். நாற்காலியை மரியாதையாக உள்ளே தள்ளிவிட்டு, வரிசையாக வெளியே போய்விட்டார்கள்.

"என்னம்மா சொன்னீங்க?" என்று கேலண்டர் அலறினார். வாழ்க்கையில் அவர் தேதி இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். தாழ்வாரத்தில் பெரிய அதிகாரி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கோபமில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். "எந்த நாட்டுக்குப் போனாலும் எங்களை வெளியிலதான் நிக்க வைக்கறாங்க. விமானத்தை விக்கறாங்க, ஒரு திருகாணியத் தொட விடறதில்ல. வாய்விட்டுச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

உள்ளே வந்து ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். அப்போது உங்கள் மருமகள் எழுந்தாள்.

"சார், இறக்கைய அவங்க செய்யட்டும். நாம கத்துக் குடுக்கலாம்."

"யாரைக் கேட்டு சொல்றீங்க?"

"இவ்வளவு வருஷம் நம்மளையும் இப்படித்தான சார் வெளியில நிக்க வச்சாங்க? அந்தத் தாழ்வாரம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும்."

கேலண்டர் மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "உள்ளே கூப்பிடுங்கம்மா" என்றார். நான் போய், குழந்தை பிறந்துவிட்ட வீட்டாரைக் கூப்பிடும் குரலிலேயே கூப்பிட்டேன். எனக்கு வேறு குரல் கிடையாது.

மதியம் பறந்து காட்டினார்கள். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை, விலா எலும்புக்குள் புகுந்து உலுக்கியது. ஓடி வந்தது, எழும்பியது, மூக்கை வானத்துக்கு நேராக நிமிர்த்தி அப்படியே செங்குத்தாக மேலே போனது. பெரிய அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே மகள் பக்கம் திரும்பினேன். அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தாள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். அந்த முகம் எனக்குத் தெரியும். பிறந்த குழந்தை வீறிட்டு அழும்வரை எங்கள் பெரிய டாக்டரம்மா அப்படித்தான் நிற்பார்கள். அந்த டாக்டரம்மாவிடம் போய், நேரத்துக்கு வீட்டுக்கு வந்து துணி துவையுங்கள் என்று யாராவது சொல்வோமா?

கையெழுத்து எதுவும் ஆகவில்லை. மறுபடி வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள், அவ்வளவுதான். "இதுவே பெரிசும்மா. எத்தனையோ பேர் வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. ரெண்டாவது தடவ வர்றேன்னு சொன்னவங்க இவங்கதான்" என்றார் கேலண்டர்.

ஆகையால் சம்பந்தியம்மா, வாக்குத் தவறியதற்கு மன்னியுங்கள். வேலையை விடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. அவள் எங்கே போய்விட்டாள்? பஸ் ஏறினால் நான்கு மணி நேரம். மாதம் தவறாமல் இரண்டாவது சனிக்கிழமை இருவரையும் உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவது என் பொறுப்பு. இதை நம்பி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். நீங்கள் நூறு வயதுவரை நடந்து, சிரித்து, எங்களை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மனதார வேண்டும்,

உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் நான்கு நாள் மேசையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் அவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. விமானம் வாங்குவது பிறகாம். முதலில் இறக்கை செய்யக் கற்றுக்கொள்கிறார்களாம். மூன்று வருஷம் அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்க உங்கள் மருமகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் சரி என்றுவிட்டாள். மாப்பிள்ளையும் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "அத்தை, அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். எனவே பஸ், இரண்டாவது சனிக்கிழமை, நிம்மதியான தூக்கம் எல்லாவற்றையும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். மொழிபெயர்க்க நானும் போகிறேன். உங்களை மட்டும் இங்கே எப்படி விடுவது என்று கேட்டேன். சம்பந்தியம்மாவையும் கூட்டிவாருங்கள் என்று அந்தப் பெரிய அதிகாரியே எழுதியிருக்கிறார். அங்கே குளிர் அதிகம். உங்கள் ஸ்வெட்டர் அளவை மறுதபாலில் எழுதவும்.