துவைக்காத லுங்கி

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

மாமல்லபுரத்திலிருந்து அம்மா ரெபேக்காள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். போன் பண்ணினால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார்கள், நம் வீட்டு விஷயம் கூடுவாஞ்சேரி முழுக்கப் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். ஸ்டான்லி மாமா பஸ்ஸில் கொண்டுவருவார்.

உன் அப்பா நம் கோழிக்குள் வந்துவிட்டார். சிரிக்காதே. தர்பூசணித் தோட்டத்துக்குப் பூஞ்சை மருந்து அடிக்கும்போது கட்டுவாரே, அந்த நீல லுங்கி, அவர் கர்த்தரிடம் போய் நாலு மாதமாகியும் நான் துவைக்கவில்லை, துவைத்தால் அவர் வாசனை போய்விடும். அவர் போன மறுவாரமே அதை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைக் கோழிக்கூடையில் விரித்தேன், செவலைப் பெட்டை அதை விட்டு எழுந்திருக்கவேயில்லை, முதலில் ஓடில்லாத முட்டை போட்டது, தொட்டால் கண் இமை மாதிரி இருந்தது, அப்புறம் முட்டையே நின்றுபோச்சு, அரைவயிறு தின்றும் உடம்பு ஊதியது, கொண்டை வளர்ந்தது, ஒருநாள் விடிய நாலரைக்கு, அப்பா எழுந்திருக்கிற அதே நேரத்துக்கு, தொண்டையைச் செருமிவிட்டு சேவல் மாதிரி கூவியது. அன்றிலிருந்து அவருக்கு வைக்கிற மாதிரியே டீயில் பொறை ரொட்டி தோய்த்து வைக்கிறேன். எதிர்வீட்டுச் சாரதாம்பாள், "இன்னா ரெபேக்கா, உயிரோட இருந்தப்ப ஒரு முட்ட வாங்கினு வந்தவரு இல்ல, இப்ப போடுற முட்டையையும் நிறுத்திட்டாரா?" என்கிறாள்.

கோழிக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர் திவ்யா, லுங்கியைக் குச்சியால் தூக்கிப் பார்த்தாள். "இது ஆவி இல்லம்மா, துணியில ஊறுன மருந்தா இருக்கும். சில மருந்து ஹார்மோனையே மாத்திடும். முட்ட, கரு, கொழுப்பு எல்லாம் தடுமாறும். மாசமா இருக்கிறவங்க தொடவே கூடாது. குழி தோண்டிப் புதைச்சிடுங்க" என்றாள். அவரை இரண்டாம் தடவை அடக்கம் பண்ணச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. "எங்க வூட்ல யாரும் மாசமா இல்ல தாயி, நானும் கோழியுந்தான் கீறோம்" என்று அனுப்பிவிட்டேன்.

நீ கவலைப்படாதே. பிள்ளையோடு இங்கே வா, அப்பா கூவி எழுப்புவார். மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் தோத்திரம் சொல். பிறக்கிறது நூறு வயது இருக்கட்டும்.

அம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது கை நின்றுவிட்டது. மற்ற பாதி உன்னிடம் இருக்கிறது. பிள்ளைக்கு முதல் துணி பெரியவங்க கட்டின பழந்துணியாக இருக்கணும் என்று போன வாரம் நான்தான் கொடுத்தனுப்பினேன். அப்பா வாசனை வருதும்மா, தலைக்கு வச்சுப் படுக்கிறேன் என்றாயே. ஜெனிட்டா, இது ஆவி இல்லை. இந்தக் கடிதம் வேண்டாம். இப்போதே போன் பண்ணுகிறேன். உன் மாமியார் ஸ்பீக்கரில் போடட்டும், கூடுவாஞ்சேரியே கேட்கட்டும்.