உலக அமைதிக்கு நான் வைத்த பேனர்

கூச்ச சுபாவம் உள்ளவன் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை அவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவனுக்கும் உலகத்தைப் பற்றி ஒரு கருத்து வந்து, அதை எப்படியாவது சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டால்தான் ஆபத்து. எனக்கு அப்படி ஒரே ஒரு தடவை தோன்றியது. அதில் நான் இறந்துபோனேன்.

(பயப்படாதீர்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். சர்க்கரை மட்டும் கொஞ்சம் அதிகம்.)

ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. படிப்பு பத்தாவது. வாடிக்கையாளர்களிடம் "நாளைக்கு வாங்க" என்பதைத் தாண்டி நான் அதிகம் பேசியதில்லை. ஆனால் கடையில் ஒரு சின்ன டிவி உண்டு. நாள் முழுக்க அதில் உலகச் செய்தி. எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொள்ளும். இன்னொரு நாட்டில் யார் அதிகமாகக் கத்துகிறாரோ அவரையே தலைவராக்குவார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து நாட்டுக்காரர்கள் இன்னும் சத்தமாகக் கத்தும் ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள். பேரிங் போன மிக்ஸிகூட ஸ்விட்சை அணைத்தால் நின்றுவிடுகிறது. இவர்களுக்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த ஜாரைக் கழற்றுவேன். வேறென்ன செய்ய?

அது டிவியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்துவிட்டது. ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பாக்கள் வாள் படம் அனுப்ப ஆரம்பித்தார்கள். கடல் தாண்டி எங்கோ ஆரம்பித்த சண்டை, கை மாறிக் கை மாறி, கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் யார் கடையில் மெத்தை வாங்கக் கூடாது என்பதில் வந்து நின்றது.

அந்த மெசேஜை அனுப்பியவன் என் மனைவி விஜயாவின் தம்பி தனபால். வண்டலூரில் இருக்கிறான். அந்த மெத்தைக் கடை ரஃபி பாயுடையது. என் கடைக்கு நேர் எதிரில். காலை டீயும் மாலை டீயும் நானும் அவரும் சேர்ந்துதான் குடிப்போம். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். அப்படி ஒரு நட்பு.

குரூப்புக்கு அட்மின் நான். (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, மாட்டேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம்.) அந்த மெசேஜை அழிக்கலாம் என்று எதையோ அழுத்தினேன். மெசேஜ் அங்கேயே இருந்தது. மச்சான் போய்விட்டான்.

"என்னை குரூப்ல இருந்தே தூக்கிட்டாரா? அப்ப உன் வீட்டு விசேஷத்துக்கும் நான் வேணாம்" என்று அக்காவிடம் போனில் கத்திவிட்டு வைத்துவிட்டான்.

எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணத்தில் ஒரு துரும்பும் நகராது. பெண்ணுக்கு மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அவன். சீர் வைப்பது அவன். விஜயாவுக்கு வேறு தம்பியும் கிடையாது, அண்ணனும் கிடையாது.

"எந்த நாட்டுல எவன் அடிச்சிக்கிட்டா உங்களுக்கு என்ன? என் தம்பியைக் கொண்டாந்து மணவறையில நிறுத்துங்க. உலகத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் விஜயா.

நானும் முயற்சி செய்தேன். பல தடவை அவனுக்கு போன் போட்டேன். அவன் எடுத்து "ஹலோ" என்றதும் கூச்சத்தில் வைத்துவிடுவேன். நான் கிண்டல் செய்வதாக அவன் அக்காவிடம் புகார் சொன்னான்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. தனபால் தினமும் வேளச்சேரிக்கு வேலைக்குப் போவது எங்கள் ஜங்ஷன் வழியாகத்தான். நம் ஊரில் காது குத்தினால் பேனர், கவுன்சிலருக்குக் காய்ச்சல் விட்டால் பேனர். சண்டை வேண்டாம் என்று ஒரு பேனர் வைத்தால் என்ன? நான் பேச வேண்டியதில்லை. அது பேசும்.

ரஃபி பாய் மெசேஜ் விஷயத்தை யார் மூலமோ கேள்விப்பட்டிருந்தார். அது பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனர் என்றதும், "வை சேகரு. கீழ என் பேரையும் போடு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா பாக்கறவனுக்குப் புரியும்" என்றார்.

பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் எழுதிப்போன வாசகத்தை நீட்டினேன்: 'போதும் இந்தச் சண்டை. எல்லாரும் மனுஷங்கதான்.'

"போட்டோ எங்க சார்?"

"போட்டோ வேணாம்க்கா. எழுத்து மட்டும் போதும்."

"எழுத்தை யாரு சார் படிக்கிறாங்க? பேனர்னா மூஞ்சி வேணும்."

மறுக்கக் கூச்சம். போனில் இருந்த ஒரே படத்தைக் கொடுத்தேன். பேங்க் பாஸ்புக்குக்காக எடுத்தது. கழுத்துவரை பட்டன், நெற்றி நிறைய விபூதி, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது.

"கலர் என்ன சார் வைக்கிறது?"

"ஏதாவது வைங்கக்கா. பச்சை..."

"பச்சை வெச்சா ஒரு கூட்டம் வந்து கேக்கும் சார். காவி வெச்சா இன்னொரு கூட்டம் வந்து கேக்கும். செவப்பு, நீலம், மஞ்சள், எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. போன வாரம் ஒரு பொறந்தநாள் பேனருக்கே தகராறு. பேசாம கருப்பு வெள்ளையில போட்டுடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சரிதான் என்று தோன்றியது. அக்காவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அமைதி என்றால் புறா வேண்டும் என்று ஒரு புறா வைத்தார். வெறிச்சென்று இருக்கிறது என்று ஒரு மெழுகுவர்த்தி. பின்னால் மேகம். ரஃபி பாய் படத்தைக் கீழே சின்ன வட்டத்துக்குள் வைத்தார். என் வாசகம் எறும்பு அளவில் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நான் "நல்லா இருக்குக்கா" என்றேன். அன்று மாலையே கடை ஆள் ஒருவரே கொண்டுபோய் ஜங்ஷனில் கட்டிவிட்டார். என் முகத்தை நானே போய்ப் பார்க்கக் கூச்சப்பட்டு, வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை விஜயாவும் பெண்ணும் ஜாக்கெட் அளவு பார்க்க அஸ்தினாபுரம் கிளம்பிவிட்டார்கள். நான் பால் வாங்கப் போனேன். ஆட்டோ மணி என்னைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தினான். முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே! இன்னாண்ணே, நீ இங்க கீற?"

"ஏன் மணி?"

"உன்ன ஜங்சன்ல மாட்டி வெச்சிக்கீறாங்கோ. நான் இப்பதான் கும்ட்டுகினு வரேன்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கருப்பு வெள்ளையில் நான். தலைக்கு மேல் புறா, கீழே மெழுகுவர்த்தி, சுற்றிலும் மேகம். நான் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்ட மாதிரி இருந்தது. அடியில் வருத்தத்துடன் ரஃபி பாய். யாரோ ஒரு மாலை போட்டு ஊதுபத்தியும் கொளுத்தியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"தங்கமான மனுஷன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

"ஆமாமா. என் மிக்ஸி அவரு கடையிலதான் இருக்கு. இப்ப சாவிய யாருகிட்ட கேக்கறது?"

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு பேனரை அவிழ்க்கப் போனேன். பூக்காரம்மா பாய்ந்து வந்தார்.

"யோவ்! சாவு பேனர்ல கைய வெக்கிற? மூணு நாளாச்சும் வுட மாட்டியா? மன்சனாய்யா நீ?"

நான் செத்ததற்கு அவர் பட்ட கோபத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. வீட்டுக்கு ஓடிவந்து கதவைத் தாழ் போட்டேன். போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை. நான் இறந்தது உண்மையா என்று என்னிடமே கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

சற்று நேரத்தில் வாசலில் பைக் சத்தம். அடுத்து, கதவைப் பிளக்கும் அழுகை.

"மாமா! என்னை மன்னிச்சிடு மாமா! அந்த மெசேஜை நான் படிக்கவே இல்ல மாமா. எவனோ அனுப்பினான், நான் அப்படியே தள்ளி விட்டேன்!"

தனபால்! தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"போன் பண்ணிப் பண்ணி பேசாம வெச்சியே மாமா, நெஞ்சு வலின்னு சொல்லத்தான் பண்ணியா? எனக்குத் தெரியாம போச்சே! உன்னை மாதிரி ஒரு நல்லவன் உண்டா?"

கையை எடுத்துவிட்டேன். என்னைப் பற்றி யாரும் அதுவரை இவ்வளவு நல்லதாகப் பேசி நான் கேட்டதில்லை. முடிக்கட்டும், பிறகு திறக்கலாம் என்று நினைத்தேன். (அதுவுமில்லாமல், அப்படிப்பட்ட பேச்சின் நடுவில் எந்த முகத்தோடு உயிருடன் போய் நிற்பது?)

இதற்குள் ரஃபி பாய் குரல் கேட்டது. அவர் வீடு பக்கத்துத் தெரு. பேனரை இன்னும் பார்க்கவில்லை.

"தனபாலு, இன்னாப்பா ஆச்சு? எதுக்கு மாலை?"

"மாமா போய்ட்டாரு பாய்!"

"யா அல்லா! நேத்து சாயங்காலம்கூட டீ குடிச்சானேப்பா!"

பிறகு இரண்டு அழுகைகள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். யார் கடையில் மெத்தை வாங்கக் கூடாது என்றானோ அவர் தோளிலேயே சாய்ந்து என் மச்சான் குலுங்கிக்கொண்டிருந்தான்.

"பாய், அந்த மெசேஜு..."

"வுடுப்பா. இப்ப அதுவா முக்கியம்? முதல்ல ஐஸ் பாக்ஸுக்குச் சொல்லணும். நான் சொல்றேன்."

"ஐஸ் பாக்ஸ் நான் சொல்றேன் பாய். அவரு எனக்கு மாமா."

"எனக்குத் தம்பி மாதிரிப்பா. நான்தான் செய்வேன்."

"அது எப்படி பாய்? சொந்தக்காரன் நான் இருக்கும்போது?"

"நீ இத்தன மாசமா வூட்டுப் பக்கம் வந்தியா? பேசாத!"

குரல் ஏறியது. போச்சு, மறுபடியும் சண்டை. நான் செத்தும் பிரயோஜனம் இல்லையே என்ற ஆத்திரத்தில் கதவைத் திறந்தேன்.

"ஐஸ் பாக்ஸே வேணாம்!"

வாழ்க்கையில் நான் உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். தனபால் அலறி மாலையைத் தூக்கி எறிந்தான். அது ரஃபி பாய் கழுத்தில் போய் விழுந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார்.

நான் திக்கித் திணறி விளக்கி முடித்ததும் தனபாலுக்கு முகம் சிவந்தது.

"சாவு வேஷம் போட்டு என்னை வரவைக்கிறியா? ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்தேன்யா! இனிமே நீ நெஜமாவே செத்தாகூட வர மாட்டேன்!"

விறுவிறுவென்று பைக்கை நோக்கி நடந்தான். என் பெண்ணின் கல்யாணமே அந்தப் பைக்கில் ஏறிப் போவதுபோல் இருந்தது. ரஃபி பாய்தான் மாலையும் கழுத்துமாகப் போய் வண்டியை மறித்தார்.

"நில்லுப்பா. செத்துட்டான்னு அவ்ளோ அழுத. உயிரோட கீறான்னா, கோச்சிக்கினு போற. உனக்கு இன்னாதான்பா வேணும்?"

தனபால் வண்டியில் ஏறவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து விஜயா ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாலை போட்ட பாயையும் வேர்த்து நின்ற என்னையும் அவள் கண்கள் பார்க்கவேயில்லை.

"தனா! வந்துட்டியாடா? சாப்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லக்கா" என்றான்.

விஜயா வைத்த இட்லியைச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து ரஃபி பாய் முன்னால் நின்றான்.

"பாய், சீருக்கு ஒரு கட்டில் மெத்தை எடுக்கணும். உங்க கடையிலயே பாக்கறேன்."

"தாராளமா வா. ஆனா தள்ளுபடி கேக்காத. அழுவுறது வேற, யாவாரம் வேற" என்றார் பாய்.

கல்யாணத்தில் மாலை போட்டு என் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்தவன் தனபால்தான். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் மட்டும் வரவேற்பில் நின்ற என்னை நீண்ட நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பேனர்ல இருந்தாரே, அவருக்குத் தம்பிங்களா?" என்று விஜயாவிடம் மெல்லக் கேட்டார்.

உலகத்தில் அமைதி வந்ததாகத் தெரியவில்லை. டிவியில் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் குரூப்பில் மட்டும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. யாராவது வாளைத் தூக்கினால், மறுபடி சேர்க்கப்பட்ட தனபால் உடனே என் பேனர் படத்தைப் போடுவான். எல்லோரும் சிரித்துவிட்டு அடங்கிவிடுவார்கள்.

போன வாரமும் போட்டான். குரூப்புக்குப் புதிதாக வந்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கதை தெரியாமல், 'ஆழ்ந்த இரங்கல்கள், எப்போது நடந்தது?' என்று கேட்டிருந்தார். பாவம், நல்ல மனசு. விளக்கம் சொல்லக் கூச்சமாக இருந்தது. 'நன்றி' என்று மட்டும் போட்டேன்.