மூடோசாரி கையை எடுத்த நாள்

சித்தூரில் மௌனத்தைக் கண்டு பயந்த ஒரே மனிதர் மூடோசாரிதான். ஊரில் மற்றவர்கள் நாய்க்குப் பயந்தார்கள், வட்டிக்காரருக்குப் பயந்தார்கள். மூடோசாரி இரண்டையும் பேசியே விரட்டிவிடுவார். ஆனால் ஓர் அறையில் நாலு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வேர்த்து ஊற்றும். மண்டி வியாபாரி ஒருவர் இறந்து, இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். பாதியிலேயே இவர், "சரி, முடிஞ்சிது, எல்லாருக்கும் காபி குடுங்க" என்றார். இறந்தவரின் மகன்தான் முதலில் உட்கார்ந்தான்.

மாங்காய் மண்டியில் ஏலம் விடுவது அவர் தொழில். எங்கள் பக்கத்தில் ஏலம் தெலுங்கில்தான் நடக்கும். 'ஒகடோசாரி, ரெண்டோசாரி, மூடோசாரி' என்று, நாம் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்பதுபோல, கூவி முடிப்பார்கள். அந்தக் கடைசிச் சொல்லை இவர் கூவினால் ரயில்வே கேட் வரை கேட்கும். பெயரும் அதுவே ஆகிவிட்டது. நிஜப் பெயர் அவருக்கே ரேஷன் கடையில்தான் ஞாபகம் வரும்.

மண்டி வாசலுக்கு எதிரில் என் ஜெராக்ஸ் கடை. ஏன் இப்படி மூச்சு விடாமல் பேசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கூட்டத்த யோசிக்க வுடக் கூடாது நைனா. ரெண்டு மூச்சு சும்மா இருந்தேன்னு வெச்சிக்கோ, அவன் யோசிக்க ஆரம்பிச்சிடுவான். யோசிச்சான்னா ஊட்டுக்குப் போய்டுவான்."

மண்டிக்கு இது சரி. வீட்டிலும் இவர் யாரையும் யோசிக்க விடவில்லை என்பதுதான் சிக்கல்.

அவர் மனைவி திருப்பதியில் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடித்து வருவார். ஊரே அவரை டீச்சர் என்றது, புருஷனும் டீச்சர் என்றார். உரிமம் வாங்கிய தனி ஆட்கள் பொழுதுபோக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோவைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று டீச்சர் தேர்வு எழுதி உரிமம் வாங்கினார். தேர்வுக்குத் துணைக்குப் போகத் திட்டமிட்ட மூடோசாரி, வெளியே பேச ஆளில்லாமல் உட்கார வேண்டுமே என்று பயந்து, தானும் விண்ணப்பம் போட்டு எழுதினார். பாஸும் ஆனார். உரிமம் வந்தது, பீரோவுக்குள் போனது. போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று விட்டுவிட்டார்.

போனில் தினமும் சாயங்காலம் அவர் பேசுவார். டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டு, அரிசி களைந்து, குழம்பு வைத்து, நோட்டுத் திருத்தி, நடுநடுவே 'ம்' என்பார். இப்படியே பல வருஷம் நல்லபடியாகத்தான் ஓடியது. போன வருஷம் மாங்காய் சீசனில் டீச்சர் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல முயன்றார். "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "சொல்லு சொல்லு, அதுக்கு முன்ன இத்தக் கேளு, தோத்தாபுரி மாங்கா இன்னா வெலைக்குப் போச்சி தெரியுமா" என்றார் இவர். மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. கடைசியில் டீச்சர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இனிமே போன் பண்ணாதீங்க. ரேடியோ செட்டு வாங்குங்க. அதுல நீங்க பட்டன்லருந்து கைய எடுத்தாதான் நான் பேச முடியும். கைய எடுக்கறீங்களான்னு பாக்கறேன்."

அதன்பிறகு டீச்சர் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை வருவதும் நின்றது. இவர் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினார். ஒவ்வொன்றும் கச்சேரி நீளம். டீச்சர் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் பஸ் பிடித்து நேரில் போய் வாசலிலிருந்தே பேச ஆரம்பித்தார். "ரேடியோல பேசுங்க" என்று பூட்டைப் போட்டுக்கொண்டு டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் நேராக என் கடைக்கு வந்தார். ஊரில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவன் நான்தான் என்று டீச்சரே சொல்லி அனுப்பியிருக்கிறார். கையில் திருப்பதியிலேயே வாங்கிய புத்தம் புதிய செட், டப்பாகூடப் பிரிக்கவில்லை.

"நைனா, இத்த வெச்சி டீச்சரு எங்கூடப் பேசணும். இல்லன்னா இந்த சீசன்ல நானு பைத்தியம் ஆய்டுவேன்" என்றார். கண்ணில் நிஜமான பயம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

கையடக்கமான அந்தச் செட்டால் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நேராகப் பேச முடியாது. நடுவே மலைகள். ஒரு மலைமேல் ரிப்பீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. நம் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். இதை விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. வியாபாரி காதோடு சொல்கிற விலையை வாங்கி ஊருக்கே கூவுவதுதானே அவர் வேலை!

"அப்போ அவனும் நம்ம தொழில்தான் பண்றான்" என்றார். அன்றுமுதல் ரிப்பீட்டர் 'அவன்' ஆகிவிட்டான்.

கடை மொட்டை மாடியில் பாடம் தொடங்கியது. ஆன்டெனாவை நேராகப் பிடிக்கச் சொன்னேன். குடைபோல் தோளில் சாய்த்தார். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, சாதாரணமாகப் பேசச் சொன்னேன். அவருடைய சாதாரணத்தில் பக்கத்து மாடியில் உலர்த்திய வடகத்திலிருந்து காக்காய்கள் பறந்தன. பட்டனை அழுத்தும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவதால் முதல் சொல் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

"அழுத்திட்டு ஒரு மூச்சு நில்லுங்கண்ணா. அப்பால பேசுங்க."

"எதுக்கு நிக்கணும்?"

"மலமேல ரிப்பீட்டர் முழிச்சிக்கணும் இல்ல?"

"தூங்கிக்கினா கீறான்? ஏலக்காரன் தூங்கலாமா?"

பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர் பேசலாம். உரிமத்தோடு தருகிற அடையாளக் குறியின் எழுத்துகளை உலகம் முழுக்க ஒரே மாதிரி, என் என்றால் நவம்பர் என்று சொல்ல வேண்டும். இவர் மாம்பழப் பெயராகவே வைத்து, என் என்றால் நீலம் என்றார், பி என்றால் பங்கனபள்ளி என்றார். வானொலியில் வியாபாரம் பேசக் கூடாது என்பது சட்டம் என்று எச்சரித்தேன். "நான் எங்க வியாபாரம் பேசினேன்? ரேட்டுதானே சொன்னேன்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏர்பேடு விவசாயி ஒருவர் உட்பட ஹாம் ரேடியோக்காரர்கள் எல்லோரும் ரிப்பீட்டரில் கூடி நலம் விசாரிக்கும் நேரத்தில் அவரைப் பேச விட்டேன். டீச்சரும் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் பட்டனைப் பிடித்தவர் விடவே இல்லை. ஒரே ஆள் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மூன்று நிமிஷத்தில் ரிப்பீட்டர் தானே துண்டித்துவிடும். அதற்குள் ஒரு டைமர் இருக்கிறது. என் செட்டில் சத்தம் நின்றது, அவர் வாயில் நிற்கவில்லை. கண்ணை மூடிப் பேசிக்கொண்டே இருந்தார். தோளைத் தட்டினேன்.

"அண்ணா, யாருக்கும் கேக்கல."

"எப்போருந்து?"

"பங்கனபள்ளிலருந்து."

"அய்யய்யோ, அதுக்கு அப்பால நூறு விஷயம் சொன்னேனே!"

டீச்சர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த வாரம் கடையில் கூட்டமாக இருந்தபோது ஓடிவந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன ஒதுக்கி வெச்சிட்டாங்க நைனா. ஏர்பேடுக்காரரு குட் மார்னிங்னாரு, நானும் சொன்னேன். காதுலயே வாங்காம வேற ஆளோட பேசிக்கினு போறாரு. மறுபடி சொன்னேன். எல்லாரு பேசறதும் எனக்குக் கேக்குது, நான் பேசறத எவனும் 'ம்'னு கூடக் கேக்கல. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

செட்டை வாங்கிப் பார்த்தேன். பட்டன்களை நோண்டியதில் டோன் போய்விட்டிருந்தது. டோன் என்பது நம் குரலோடு கூடவே போகிற, காதுக்கு எட்டாத மெல்லிய ஓசை. அது இருந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். இல்லாவிட்டால் எல்லோர் பேச்சும் நமக்குக் கேட்கும், நம் பேச்சு யாருக்கும் போகாது. சரிசெய்து கொடுத்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்:

"டீச்சருக்கும் இப்டித்தான் இருந்திருக்கும்ணா."

"ஏன், அவங்க செட்லயும் டோன் போயிடிச்சா?"

"அவங்க செட்ல இல்ல. உங்க காதுல."

அவர் செட்டைப் பையில் போட்டார்.  பிறகு பேசாமல் போனார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், "இன்னா, அவருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆனால் பழக்கம் அவ்வளவு சுலபமாக விடுமா? அந்த ஞாயிறு பட்டனை விட்டார், வாஸ்தவம். விட்ட கையோடு உதட்டுக்குள் 'ஒகடோசாரி, ரெண்டோசாரி, மூடோசாரி' என்று ஒரே மூச்சில் முணுமுணுத்து, உடனே மறுபடி அழுத்தினார். அதே நேரத்தில் டீச்சரும் பேச ஆரம்பித்திருந்தார். இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் ரிப்பீட்டரில் கிறீச்சென்று ஒரு கூச்சல்தான் வரும். நாலைந்து முறை இதே கூச்சல். பொறுத்துப் பார்த்த ஏர்பேடு விவசாயி கடைசியில், கொஞ்சம் இடைவெளி விடுங்கள், அம்மா பேசுகிறார் என்று தெலுங்கில் கெஞ்சினார்:

"அன்னா, கொஞ்செம் கேப் இவ்வண்டி! அம்மகாரு மாட்லாடுதுன்னாரு!"

டீச்சர் செட்டை அணைத்துவிட்டார். மூடோசாரி மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நானு வுட்டுட்டுதான் நைனா நிக்கறேன். அந்த சும்மா இருக்கற நேரம் கீது பாரு, அதான் தாங்கல. சரக்கு கையவிட்டுப் போற மாதிரி கீது."

அவருக்குப் புரிகிற பாஷையில்தான் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணா, இந்த ஏலத்துல கேக்கறவங்க ஒருத்தர்தான். வேற ஆள் வரப் போறதில்ல. அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்ன மூணாந்தரம் சொன்னீங்கன்னா சரக்கு அப்டியே நின்னுடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"அவங்க பேசற வரிக்கும்."

அடுத்த ஞாயிறு சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். எல்லோரும் வணக்கம் சொல்லி முடித்ததும் செட்டை நிமிர்த்திப் பிடித்தார். அழுத்தினார். ஒரு மூச்சு நின்றார்.

"டீச்சர், ஒடம்பு எப்டி கீது? ஓவர்."

கட்டை விரலை எடுத்தார். எடுத்தவர் செட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

சத்தமில்லை. ரிப்பீட்டரின் இரைச்சல் கொஞ்ச நேரம் வந்து அதுவும் அடங்கியது. எனக்கே தாங்கவில்லை. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. உதடு அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. அவர் எண்ணவில்லை.

அப்புறம் டீச்சர் குரல் வந்தது.

"நல்லால்ல. சுகர் வந்துகீது. டாக்டர் சொன்ன அன்னிக்கே போன்ல சொல்ல வந்தேன், நீங்க ரேட்டு சொல்லிக்கினு இருந்தீங்க. மறுநாளும் சொல்ல வந்தேன், அன்னிக்கும் ரேட்டுதான். அதுக்கு அப்பால நீங்க பஸ்ல பெட்டி பெட்டியா பழம் போட்டு அனுப்பறீங்க. ஒண்ணுகூட நான் துன்னல. மோந்து பாத்துட்டு வூட்டுக்காரம்மாவுக்குக் குடுத்துட்டேன்..."

மூடோசாரி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

டீச்சர் நிறுத்தவில்லை. ராத்திரியில் கால் எரிகிறது என்றார். காலையில் பள்ளி மைதானத்தைத் தனியாகச் சுற்றி நடப்பதைச் சொன்னார். கண் டாக்டரைச் சொன்னார். மழைக்கு ஒழுகும் கூரையைச் சொன்னார். இத்தனை வருஷம் 'ம்' என்று மட்டும் சொன்ன அம்மாவுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று நான் அசந்துபோனேன்.

"ரிசல்ட் வாங்கிக்கினு பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகினு இருந்தேன். பயமா இருந்துது. மொதல்ல உங்களுக்குத்தான்..."

பட்டென்று சத்தம் நின்றது.

"மொதல்ல?" என்றார் மூடோசாரி, செட்டைப் பார்த்து. "மொதல்ல இன்னா? இன்னா ஆச்சி நைனா?"

"டைமர்ணா. மூணு நிமிசம் ஆய்டிச்சி. ரிப்பீட்டர் அறுத்துடிச்சி."

அவருக்கு வந்த கோபத்தை நான் மண்டியில்கூடப் பார்த்ததில்லை. மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கை நீட்டினார்.

"ஒரு பொம்பள மனசு வுட்டுப் பேசிக்கினு கீறா. நடுவுல அறுக்கறானே, அவன்லாம் ஒரு மனுசனா?"

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் திரும்ப வந்தார். 

"டைமர் போட்டுடிச்சி போலகீது. எது வரிக்கும் கேட்டுது? ஓவர்."

யாரும் குறுக்கே வரவில்லை. ஏர்பேடுக்காரர்கூட மூச்சு விடவில்லை. மூடோசாரி வலது கையை வெளியே எடுத்து, துடைத்துக்கொண்டு, அழுத்தினார்.

"மொதல்லருந்து சொல்லு. நானு கீறேன். ஓவர்."

கையை எடுத்தார்.

அந்த சீசன் முடிந்ததும் அவர் திருப்பதிக்கே போய்விட்டார். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து மைதானத்தைச் சுற்றுகிறார்களாம், டீச்சர் பேசிக்கொண்டே முன்னால் போகிறாராம். மண்டியில் இப்போது வேறோர் ஆள் ஏலம் விடுகிறார். குரல் பரவாயில்லை. ஆனால் என் கடைக் கண்ணாடி அதிர்வதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ரேடியோ எதற்கு? பெரும்பாலும் மூடோசாரி செட்டைப் போடவே மறந்துவிடுகிறார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போய், அழுத்தி, ஒரு மூச்சு நின்று, அவர் குறியை நீலம் பங்கனபள்ளி என்றே சொல்லிக் கூப்பிடுகிறேன். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். நானும் மூன்று வரை எண்ணுவதில்லை.