செங்கிஸ்கான் நடத்திய கல்யாணம்

ஆபீசில் கொடுக்கும் பயிற்சியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வருகிறவன் பிழைத்துக்கொள்வான். நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதுவும் தங்கையின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் ஒரு கூரியர் கம்பெனியில் என்னை டீம் லீடர் ஆக்கியிருந்தார்கள். (சம்பளம் பழையதுதான். நாற்காலிக்கு மட்டும் சக்கரம் வந்தது.) பதவியோடு ஒரு நாள் பயிற்சியும் உண்டு. ஏ.சி. ஹோட்டல் ஒன்றில் கோட்டு போட்ட ஒருவர், செங்கிஸ்கானிடமிருந்து இன்றைய மேனேஜர் கற்க வேண்டியது என்ன என்று சாயங்காலம் வரை பேசினார். செய்தி வேகமாகப் போக வழியெங்கும் குதிரை மாற்றினாராம் கான். சொந்தக்காரன் என்று பார்க்காமல் திறமைக்குத்தான் பதவி கொடுத்தாராம் கான். மதியச் சாப்பாட்டில் ஐஸ்கிரீமும் இருந்ததால் நான் எல்லாவற்றையும் நம்பினேன். வீடு இருந்த ஜீவனஹள்ளி வரை பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன், ஆனால் குதிரை மேல் வருவதாக நினைப்பு.

அப்பா இல்லாத வீடு. கல்யாணப் பொறுப்பு என் தலையில். அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரையும் கூட்டி, கான் கதையிலிருந்தே ஆரம்பித்து மீட்டிங் போட்டேன்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. ஈஜிபுராவில் குடியிருந்தார், சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமன்தான் மாலை வாங்கி வர வேண்டும், அவர்தான் பெண்ணின் கழுத்தில் போட்டு மணமேடைக்குக் கூட்டி வர வேண்டும். ஆனால் எங்கள் மாமா எங்கே போனாலும் லேட். பூக்கடையில் நின்றால் கடைக்காரரின் குடும்பத்தையே நலம் விசாரித்துவிட்டுத்தான் நகருவார். கானின் படையில் இவருக்கு இடம் கிடைக்குமா? பூ இலாகாவை என் ஆபீஸ் நண்பன் சுரேஷிடம் ஒப்படைத்தேன். சிவாஜிநகரிலிருந்து சத்திரம் வரை ஆங்காங்கே பைக்கோடு ஆள் நிறுத்தி, மாலையைக் கை மாற்றிக் கொண்டுவருவது திட்டம். (ஒரே பைக்கில் நேராக வந்தால் என்ன என்று தங்கை கேட்டாள். விவரம் தெரியாத பெண் என்று விட்டுவிட்டேன்.)

"மாமா, உங்களுக்கு எந்த டென்ஷனும் வேணாம். கெஸ்ட்டு மாதிரி ஜாலியா வந்து உக்காருங்க" என்றேன்.

மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிப்பா. நீ சொன்னா சரி."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தக் கையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கல்யாணத்தன்று என் படை பிரமாதம். மாலை வெகு முன்னதாகவே வந்துவிட்டது, ஒரு இதழ்கூட உதிரவில்லை. சுரேஷ் டை கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றான். முகூர்த்தம் நெருங்கும்போது ஐயர் நிமிர்ந்து பார்த்து, தாய்மாமனை வரச் சொல்லுங்கள், பெண்ணுக்கு மாலை போட வேண்டும் என்றார்.

மாமாவைக் காணோம். பந்தியில் இல்லை, மாடியில் இல்லை. கடைசியில் சுரேஷிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "அவரா? டிபன் சாப்ட்டு அப்பவே கெளம்பிட்டாரே. தாம்பூலப் பை குடுத்துதான் அனுப்பிச்சேன்" என்றான் பெருமையாக. திறமைசாலி. அவர் யார் என்பதை மட்டும் நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் மாமா புதுச் சட்டையும் கையில் மஞ்சள் பையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா இது? வாங்க."

"கெஸ்ட்டுன்னா சாப்ட்டுக் கெளம்பறதுதானேப்பா." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "டிபன் நல்லா இருந்துச்சு. காராபாத்துலதான் உப்பு கம்மி."

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பார்க்க, அவர் காலைத் தொட்டேன். அக்கா அழுகிறாளா என்று கேட்டார். தலையாட்டினேன். உடனே நடக்க ஆரம்பித்தார். அவ்வளவு வேகமாக மாமா நடந்து நான் பார்த்ததில்லை. அப்படியும் லேட்.

நாங்கள் உள்ளே நுழையும்போது கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நேரம் தவறுகிறது என்று ஐயர் அவசரப்படுத்தவே, மாலையைக் கையில் வைத்திருந்த ஒரே தகுதியில் சுரேஷே போட்டுவிட்டிருந்தான். மாமா தூண் ஓரமாக நின்று, எல்லோரோடும் சேர்ந்து அட்சதை போட்டார். மஞ்சள் பை அப்போதும் கையில் இருந்தது.

ஆல்பத்தில் மாமா இருக்க வேண்டிய இடத்தில் டை கட்டிய ஒருவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். மறு வருஷமே அவன் வேறு ஊர் போய்விட்டான், தொடர்பே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் ஆல்பம் பார்க்கிறவர்கள், இவர்தான் பெண்ணுக்கு மாமாவா என்று இன்னமும் கேட்கிறார்கள். எனக்கு அன்றே 'கான் சாப்' என்று பெயர் விழுந்துவிட்டது. கதை சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவும்தான். அம்மா மட்டும் சிரித்ததில்லை. ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுவாள்.

தங்கை மகளுக்குக் காது குத்தும் நாள் வந்தது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்கச் சொன்னார் ஆசாரி. இப்போது தாய்மாமன் நான். நீங்களே உட்காருங்கள் மாமா என்று மெதுவாகச் சொன்னேன்.

மாமா என் தோளைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். "உக்காரு கான் சாப். இதுக்குத் திறமையெல்லாம் வேணாம்பா. மடி இருந்தாப் போதும்."

அம்மா அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தாள். குழந்தைக்குக் காது குத்தும்போது மாமன்காரன்தான் அதிகமாக அழுதான் என்று கதையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தவளும் அவள்தான். அது பொய் இல்லை.