எல்லாப் பக்கத்திலும் கோடு

“சார், ப்ராப்பர்ட்டிக்கு நாமதான் ஓனர்னு நிரூபிக்கச் சொல்லுது சார்” என்றான் பிராங்கிளின்.

பல்கலைக்கழகப் பதிவாளர் ஞானதாஸ் வாய்வரை கொண்டுபோன டீயைக் குடிக்காமல் மேஜையில் வைத்தார்.

“யாரு கேக்குறா?”

“கூகுள் சார்.”

ஞானதாஸின் முகம் வெளுத்துவிட்டது.

பிராங்கிளின் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் தற்காலிக ஊழியன். அட்மிஷன் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. வெப்சைட்டுக்கு யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், கூகுளில் எதைத் தேடி வந்து சேர்கிறார்கள் என்று புள்ளிவிவரம் சொல்லும் கருவிகளை இணைத்துவிடு, இணைத்த அன்றைக்கே உன்னை நிரந்தரமாக்கும் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் இதே ஞானதாஸ்தான். அந்தக் கையெழுத்துக்காக, அவன் கட்டிக்கொள்ளவிருந்த டெய்சியின் அப்பாவும் காத்திருந்தார். “மொதல்ல பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார் மனிதர். ஆக மொத்தம் பிராங்கிளினின் கல்யாணம் கூகுள் கையில் இருந்தது.

அந்தக் கருவிகளின் பாஷையில் வெப்சைட்டுக்குப் பெயர் ‘ப்ராப்பர்ட்டி’. இது பிராங்கிளினுக்குத் தெரியும். காலமெல்லாம் தாவரவியல் நடத்திவிட்டுப் பதிவாளர் நாற்காலிக்கு வந்த ஞானதாஸுக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த ஒரே ப்ராப்பர்ட்டி, ரெட்டியார்சத்திரம் போகும் வழியில் பல்கலைக்கழகம் உட்கார்ந்திருக்கும் நிலம்தான். அதிலும் கிழக்கு வேலியை நினைத்தால் அவருக்கு உள்ளூர ஒரு உதறல். கட்டடம் கட்டிய காலத்தில் பாதி இடத்தைக் கண்ணளவில்தான் அளந்தார்கள். பக்கத்து முருங்கைத் தோட்டத்துக்காரர் மைதீன் பிச்சை பாயின் இடத்தில் ஒரு நாலடி இந்தப் பக்கம் வந்திருக்கலாம் என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

“அவன் வானத்துல இருந்து படம் புடிக்கிறவனாச்சேய்யா! மாடியில காயப்போட்ட வத்தல் வரைக்கும் தெரியுதாமே. நம்ம எடத்தையும் பாத்துட்டானா?”

“அவன் எல்லாத்தையும் பாத்துருவான் சார்” என்றான் பிராங்கிளின் பெருமையாக. “அடிக்கடி வந்து மூலமுடுக்கெல்லாம் ஊர்ந்து பாத்துட்டுத்தான் போவான்.”

“ஊர்ந்தா! வாச்மேன் என்ன புடுங்குறான்?”

“வாச்மேனுக்கெல்லாம் தெரியாது சார். நீங்க பயப்படாதீங்க. எல்லாப் பக்கத்துலயும் கோடு போட்டுட்டா நாமதான் ஓனர்னு ஒத்துக்குவான்.”

ஊர்ந்து பார்ப்பது கூகுளின் புரோகிராம். பிராங்கிளின் சொன்னது வெப்சைட்டின் பக்கங்களில் ஒட்டுகிற கம்ப்யூட்டர் கோடு. ஞானதாஸ் காதில் விழுந்தது தரையில் இழுக்கிற கோடு. தமிழில் பக்கமும் ரெண்டு, கோடும் ரெண்டு. பாவம், அவர்தான் என்ன செய்வார்!

“கோடு போட்டாப் போதுமா?”

“போதும் சார். வெளிய தெரியக்கூடத் தெரியாது.”

“ஏன் தெரியக் கூடாது? நாம என்ன களவாணிப் பயலுகளா? பளிச்சுன்னு தெரியட்டும்!”

“இல்ல சார், அது பின்னாடி...”

“முன்னாடி பின்னாடி எல்லாம் போட்ருவோம். நீ போய் ஒன் வேலையப் பாரு.”

யாரையும் ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க விடாதது ஞானதாஸின் பழக்கம். அனுமதி கிடைத்ததே பெரிது என்று பிராங்கிளின் தன் அறைக்கு ஓடினான். ஞானதாஸ் தோட்ட வேலை மேஸ்திரி கருப்பம்மாளைக் கூப்பிட்டார். விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

“காம்பவுண்டுக்கு எல்லாப் பக்கத்துலயும் கோடு போட்ரு கருப்பம்மா. கெழக்கால மட்டும் கொஞ்சம் தாராளமாப் போடு.”

தாராளம் என்றால் எம்புட்டு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வேலி பிய்ந்திருந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளோடு புகுந்து, முருங்கைத் தோட்டத்துக்குள் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மைதீன் பிச்சை பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பதிவாளர் அறைக்குள் வந்து நின்றார்.

“என்ன சார், எம் முருங்கைக்கெல்லாம் பவுடர் பூசி விட்டுருக்கீங்க? பொண்ணு பாக்க யாரும் வாராங்களா?”

“நாங்களாப் போடல பாய். கூகுள்காரன் கேட்டான்.”

“அவன் எதுக்கு எந் தோட்டத்தக் கேக்குறான்?”

ஞானதாஸுக்கு வியர்த்துக் கொட்டியது. “ஒரு நாலடி சமாச்சாரம் பாய். இதுக்குப் போயி கோர்ட்டு கேசுன்னு அலையாம நமக்குள்ளயே பேசித் தீத்துக்குவோமே.”

“எந்த நாலடி?”

ஞானதாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த நிமிஷம்வரை பாய்க்கு நாலடியும் தெரியாது, ஓரடியும் தெரியாது. இனி அந்த ஆளைச் சமாளிக்கத் தன்னால் முடியாது என்று தெரிந்ததும் ஞானதாஸ் வராந்தாவைப் பார்த்துக் கத்தினார். “ஏலே பிராங்கிளின்! இங்க வந்து பாய்கிட்ட வெவரமாச் சொல்லு!”

பிராங்கிளின் லேப்டாப்போடு ஓடி வந்தான். நடந்தது அவனுக்கு அரைகுறையாகப் புரிந்தது.

“பாய், இது ஒங்க நெலம் சம்பந்தப்பட்டதே இல்ல. இது வேற சைட்டு.”

“வேற சைட்டு வேறயா! அப்ப எத்தன சைட்டத்தான் வளச்சுப் போட்டுருக்கீங்க?”

“ஐயோ, வளைக்கல பாய். ட்ராஃபிக் எந்த வழியா உள்ள வருதுன்னு பாக்குறதுக்குத்தான்...”

“ட்ராஃபிக்கா? எந் தோட்டத்து வழியா ரோடு போடப் போறீங்களா?”

“ரோடு இல்ல பாய். பழனியில இருந்து எத்தன பேரு வாராங்க, ஆத்தூர்ல இருந்து எத்தன பேரு வாராங்க...”

“யா அல்லா! பழனி பஸ்ஸும் இதுக்குள்ளதான் வருதா!”

அதற்குமேல் பாய் ஒரு வார்த்தை கேட்கத் தயாரில்லை. போனை எடுத்து சர்வேயர் சங்கிலியைக் கூப்பிட்டார். தாலுகா ஆபீசில் ரிட்டயரானவர். சங்கிலி என்று பெயர் வைத்தபோதே நிலம் அளக்கிற வேலை முடிவாகிவிட்டது என்று ஊரில் அவரைக் கேலி செய்வார்கள். கிராம வரைபடம், டேப், கூடப் பிடிக்க ஒரு ஆள் என்று செத்த நேரத்தில் வந்து இறங்கினார். கருப்பம்மாளின் கோட்டைப் பார்த்து, “இது யாரு போட்ட கோலம்?” என்று கேட்டுவிட்டு அளக்கப் போய்விட்டார்.

சர்வேயர் வந்து, கோர்ட்டு வரை போனால் ஆர்டரில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? டெய்சியின் அப்பா வேறு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவாரே! பிராங்கிளின் துணிந்து லேப்டாப்பைத் திறந்து இரண்டு பேர் முன்னாலும் வைத்தான்.

“சார், கும்புட்டுக் கேக்குறேன், ஒரே ஒரு தடவ நான் பேசி முடிச்சுக்கிறேன். ப்ராப்பர்ட்டின்னா நம்ம வெப்சைட்டு. பக்கம்னா வெப்சைட்டோட பக்கம். கோடுன்னா இந்தா, இந்தக் கம்ப்யூட்டர் கோடு. நான் போட்டு முடிச்சுட்டேன். நாமதான் ஓனர்னு அவனும் ஒத்துக்கிட்டான். பாருங்க, இப்ப சைட்டுல ஒருத்தர் இருக்காருன்னு காட்டுது.”

“யாரு அந்த ஒருத்தர்?”

“நான்தான் சார்.”

முதலில் புரிந்தது பாய்க்குத்தான். அவர் சிரித்த சிரிப்பில் லுங்கி அவிழாமல் இருந்ததே பெரிய விஷயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அட, கம்ப்யூட்டர் கோடா! நான் என்னமோ பைபாஸே வருதுன்னுல பயந்துட்டேன். சார், நாலடி போனாப் போகுது, விடுங்க. சங்கிலியண்ணன டேப்பச் சுருட்டச் சொல்லிட்டு வாரேன்” என்று எழுந்தார்.

ஞானதாஸ் சிரிக்கவில்லை. யாருமே கேட்காத நாலடியைத் தானே வாயால் உளறிக் கொட்டிய அவமானம் அவருக்கு உச்சந்தலை வரை ஏறியிருந்தது. அதை இறக்கி வைக்க எதிரே ஒரு ஆள்தான் நின்றான்.

“பெர்மனென்ட்டா ஒனக்கு? இனிமே டெம்ப்ரவரியும் கெடையாது! எங்க எடத்துல நின்னுக்கிட்டு எங்களையே கிறுக்கனாக்குறியா? கெளம்புய்யா வெளிய!”

பிராங்கிளின் லேப்டாப்பை மூடினான்.

“விடுங்க சார், பாவம். அந்தத் தம்பி மேல என்ன தப்பு?” என்றார் பாய்.

“நீங்க சும்மா இருங்க பாய்! இது எங்க எடம். இங்க யாரு இருக்கணும், யாரு வெளிய போகணும்னு நாங்கதான் சொல்லணும்!”

வாசலில் செருமல் கேட்டது. வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சங்கிலி நின்றிருந்தார்.

“அதப் பாய்தான் சார் சொல்லணும். இந்த ரூமோட சேத்து, பில்டிங் மொத்தமும் அவரு எடத்துலதான் நிக்குது.”