பின் கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை

மீரான் அண்ணாச்சி தானே சொல்லித் தானே சிரிக்கிற இந்தக் கதையைப் பல வருஷமாக எனக்கு முழுசாக நம்ப முடிந்ததில்லை. பொய் என்று சொல்லவில்லை. பொய் சொல்ல அவருக்கு வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் கதைக்குள் எங்கேயோ ஒரு மூடி சரியாகப் பொருந்தாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. என்னுடைய சந்தேக புத்திதான் காரணமோ என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

முகம்மது மீரான் வடகரைக்காரர், எங்கள் தெரு. சவூதியில் ஒரு கம்பெனியின் வண்டி யார்டில், வாசலில் நின்று வண்டிகளைச் சோதித்து வெளியே விடுகிற வேலை. பாதி ஆயுசு அங்கேயே போனது. அங்கே ஒரே சட்டம்தான்: குறை உள்ள வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது. பிரேக் ஆனாலும் ஒன்றுதான், நம்பர் பிளேட்டுக்கு மேல் எரிகிற குட்டி பல்பு ஆனாலும் ஒன்றுதான். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளியும் தைலமும் கொண்டுவந்தார்கள். மீரான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மகள் சாஜிதாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்த காரில் இடது இண்டிகேட்டர் எரியவில்லை என்று தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். "மாப்பிள்ளைக்கு எல்லாம் எரியுதுல்லா, அவரையாவது உள்ள விடுங்க" என்று அவர் மனைவி ஜாஹிரா பீவி சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை இறங்கி நடந்து வந்தார்.

ஜாஹிரா பீவி அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் பேசினால் அதற்குமேல் யாரும் பேச வேண்டியிருக்காது.

மீரான் பழைய கார் ஒன்று வாங்கினார். பின் கண்ணாடிக்கும் ஒரு வைப்பர், அதைக் கழுவத் தண்ணீர் பீச்சுகிற வாஷர். தெருவில் வேறு எந்தக் காருக்கும் அது கிடையாது. பார்க்க வந்தவர்களையெல்லாம் பின்னால் நிறுத்தி நனைத்து அனுப்பினார்.

அந்த வருஷம் சாரல் விட்டபாடில்லை. ஒருநாள் மீரானும் ஜாஹிராவும் சாஜிதாவையும் பேத்தி ஆஷிகாவையும் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை. சும்மா திரும்ப வேண்டாமே என்று சாஜிதா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கி, ரோட்டோரக் கடையில் மங்குஸ்தான் வாங்கினாள். பையை நான்தான் தூக்குவேன் என்று பிள்ளை அடம்பிடித்து வாங்கிக்கொண்டது. மீரான் வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்தார்.

சாஜிதாவின் சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பிள்ளையை ஒரு கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். பைதான் சக்கரத்துக்கு அடியில் போனது. இறங்கி ஓடிவந்த மீரானுக்கு முதலில் தெரிந்தது ஈரத் தரையில் பரவுகிற சிவப்பு. அது பழத்தோலின் சாறு என்று புரியாமல் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பழம் போச்சே என்று பிள்ளை அழுததைக் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார்.

"பின் கண்ணாடி பூரா சேறு. வாஷரப் போட்டேன். தண்ணி வரல" என்றார்.

வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஜாஹிரா பீவி முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மகளை எங்கே காணோம் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்தது. வைப்பர் துடைத்தது. கண்ணாடி பளிச்சென்று ஆனது. அதில் பேத்தியின் தலை தெரிந்தது. ஜாஹிரா வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே ஜாஹிராவுக்குள் ஒரு கலக்கம் இருந்தது. மீரான் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்கிறார். தட்டின் ஓரத்தில் வைத்த துவையலைத் தொடாமலேயே எழுந்து, துவையல் வைக்கவில்லை என்று கோபிக்கிறார். கண்ணைக் காட்டுவோம் என்றால், "எனக்கா? லாரிக்கு அடியில கெடக்குற ஊசியச் சொல்லுவேன்ட்டி" என்பார். உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் போதும், தெரிகிறது என்று காட்ட மறுநாளே தென்காசிச் சந்தைக்குள் வண்டியை விடுவார். வண்டியில் பிள்ளையையும் வைத்துக்கொண்டுதான் விடுவார்.

ஐந்தருவியில் நின்ற டாக்ஸி டிரைவர் ஒருவரைக் கெஞ்சி வண்டியை வீடு சேர்த்தார்கள். வாசலில் இறங்கியதும் ஜாஹிரா பீவி சொன்னார்:

"ஆமா, தண்ணி வரல. நானும் பாத்தேன்."

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன். குறை உள்ள வண்டி கேட்டத் தாண்டலாமா?"

"தாண்டக்கூடாது."

"சட்டம் உங்க சட்டம். நான் என்ன சொல்ல."

மறுநாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்த கையோடு மீரான் காரைப் பிரித்தார். முதலில் ஃபியூஸ். நன்றாக இருந்தது, நன்றாக இருப்பதே சந்தேகம் என்று மாற்றினார். தண்ணீர் டப்பாவைக் கழற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவினார். மோட்டாரை வெளியே எடுத்து பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தார், சுற்றியது. முன்னாலிருந்து கூரைக்குள் நுழைந்து பின் கதவுவரை போகிற ரப்பர் குழாயைத் தேடிக் கூரைத் துணியை உரித்துத் தொங்கவிட்டார். காருக்குள் கொசுவலை கட்டினதுபோல் இருந்தது. தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கிற வால்வு ஒன்று, சுண்டுவிரல் நகம்தான் இருக்கும்; அதற்காகத் தென்காசிக்கு பஸ்ஸில் போய் வந்தார். வாசலில் கார் நிற்க பஸ்ஸில் போகிறாரே என்று தெருவே பார்த்தது.

ஒவ்வொன்றையும் மாற்றியபின் சோதனை. பின் வாஷரை ஒற்றை ஆளாகச் சோதிக்க முடியாது. ஒருவர் முன்னால் ஸ்டியரிங் பக்கத்து லீவரைத் தள்ள வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இதில்தான் ஜாஹிரா பீவியின் முழு சாமர்த்தியமும் இருந்தது. லீவரைப் பாதி தள்ளினால் வைப்பர் மட்டும் ஆடும். முழுசாகத் தள்ளினால்தான் தண்ணீர். மீரான் பின்னால் நிற்கிற நாளில் ஜாஹிரா பாதியோடு நிறுத்திக்கொள்வார்.

"வரலியேட்டி."

"வரலியா? இவ்வளவு மாத்துனீங்களே!"

மீரான் லீவரைத் தள்ளுகிற நாளில் தண்ணீர் வில்லாக வளைந்து வந்து ஜாஹிராவின் முகத்தில் விழும். அவர் முக்காட்டால் துடைத்துக்கொண்டு "வரல" என்பார். மீரான் கண்ணாடியில் உற்று உற்றுப் பார்ப்பார். அவருக்கும் வராததுபோலத்தான் இருக்கும். இறங்கிவந்து தொட்டுப் பார்த்தால் கண்ணாடி ஈரம். சாரல் காலத்தில் எதுதான் ஈரமில்லை? கார் ஈரம், தெரு ஈரம், மதில்மேல் உட்கார்ந்த காக்கா ஈரம்.

பால் ஊற்றுகிற தங்கபுஷ்பம் ஒருநாள், "என்ன பீவி, தண்ணி நல்லாத்தான..." என்று ஆரம்பித்தாள். ஜாஹிரா பார்த்த பார்வையில் மிச்சத்தை முழுங்கிவிட்டு, பாலைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றிவிட்டுப் போனாள்.

கடைசியில் மிஞ்சியது தண்ணீர் பீச்சுகிற துளை. மீரான் ஊசியை வைத்துக் குத்தினார். துளையைத் தவிர எல்லா இடத்திலும் குத்தினார். பெயின்ட் அம்மை போட்டதுபோல் ஆனது.

ஜாஹிரா பீவி மெதுவாகப் பேச்செடுத்தார். துளை ரொம்பப் பொடிசு, தனக்கும் தெரியவில்லை, நல்ல பவர் கண்ணாடி ஒன்று இருந்தால் ஒரே குத்தில் போய்விடும் என்றார். கண்ணுக்காக என்றால் மீரான் அசைந்திருக்கமாட்டார். வாஷருக்காக என்றதும் சட்டையை மாட்டிவிட்டார். திருநெல்வேலிக்கு பஸ்.

கண் ஆஸ்பத்திரியில் அவர் மோவாயை ஒரு மிசினில் வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். உள்ளே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் அமுக்க வேண்டும். மீரான் அமுக்கினார். பிறகு காத்திருந்தார். பிறகு ரொம்ப நேரம் காத்திருந்தார். முடிந்து வெளியே வந்ததும் டாக்டரிடம் தொழில் அக்கறையோடு சொன்னார்:

"டாக்டர், உங்க மிசின்ல பாதி பல்பு எரியல. இத வச்சு யாரையும் சோதிக்காதீங்க."

"எல்லாம் எரிஞ்சுது ஐயா" என்றார் டாக்டர்.

கண்ணுக்குள் அழுத்தம். ஓரப் பார்வையைத் தின்றுவிட்டது. போனது திரும்பாது. மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். வண்டி ஓட்டவே கூடாது.

திரும்பும் பஸ்ஸில் மீரான் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் ஜாஹிரா பீவி அவரைக் காருக்குப் பின்னால் நிறுத்தினார். சாவியைப் போட்டு, லீவரைக் கடைசிவரை தள்ளினார். அன்று சாரல் இல்லை, வெயில். மீரானின் சட்டை நெஞ்சோடு நனைந்தது.

நனைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தபடி நின்றார்.

"எப்போ சரியாச்சு?"

"கெட்டுப்போனாத்தான சரியாகதுக்கு" என்றார் ஜாஹிரா பீவி.

இதுதான் கதை. கார் மருமகனிடம் போய்விட்டது. "ஒரு ஸ்குரூவக்கூடத் தொடாம ஒரு காரையே ரிப்பேராக்கினவ எம் பெண்டாட்டி" என்று டீக்கடையில் மீரான் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்த மூடி மறுபடி ஆடும்.

போன வருஷம் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். இதற்கும் பின்னால் வாஷர் உண்டு. லீவரைப் பாதி தள்ளினால் வைப்பர் மட்டும் ஆடுகிறது. முழுசாகத் தள்ளினால் முன்பக்கத்திலிருந்து மோட்டார் உர்ரென்று உறுமுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பின்னால் போய் நின்று, மனைவியைத் தள்ளச் சொல்லியும் பார்த்தேன். அங்கேயும் தெளிவாகக் கேட்டது. மீரான் அண்ணாச்சி, வண்டி தெருவில் போகும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போகப்போகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறவர். ஜாஹிரா மைனி லீவரைப் பிடித்த நாளெல்லாம் அந்தச் சத்தம் வந்திருக்காது. அவரே பிடித்த நாளெல்லாம் வந்திருக்கும். தெரிந்தேதான் ஏமாந்தார் என்றால், வண்டியை விட்டு இறங்க அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ?

கேட்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் எனக்குள்ளேயே சண்டை. கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வேன்? நேற்று மேக்கரை ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். இப்போதெல்லாம் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எதிரே பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் சத்தம் கேட்டதும், நான் சொல்லாமலே ஓரமாக ஒதுங்கி, அவர்கள் கடந்து போகிறவரை அசையாமல் நின்றார். நின்ற இடத்திலேயே கேட்டுவிட்டேன்:

"அண்ணாச்சி, மைனி லீவரத் தள்ளும்போது மோட்டார் ஓடலங்கது உங்களுக்கு மொத நாளே தெரியும், இல்லியா?"